ஒன்பதாம் கூரை

மாதனூர் ரோட்டிலிருக்கும் ஷூ கம்பெனியின் பேட்டர்ன் ரூமில் மொத்தம் எட்டுப் பேர். வெளிநாட்டுக்காரன் அனுப்பும் ஷூ படத்தைக் கம்ப்யூட்டரில் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு தோலில் எத்தனை துண்டு வெட்டலாம் என்று சேதாரமில்லாமல் அடுக்கிக் கொடுப்பது அவர்கள் வேலை. அந்த எட்டுப் பேரில் ஆகக் கெட்டிக்காரர் எபனேசர். முப்பத்தெட்டு வயது, அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். அவர் அடுக்கிய தோலில் கைக்குட்டை தைக்கக்கூட மிச்சம் விழாது என்று வெட்டுகிறவர்கள் சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் உட்கார்ந்து ஐந்து வருஷமாக ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார் என்பது, அதே ரூமில் வேலை பார்த்த கௌசருக்குப் போன ஜனவரியில்தான் தெரிந்தது. பொங்கல் லீவு முடிந்து வந்த அன்று எபனேசர் மேசை மேசையாகப் போய் ஆளுக்கொரு துண்டுச் சீட்டை வைத்தார். அதில் நீளமாக ஒரு எண் இருந்தது.

"இந்த நம்பர போட்டா ஃப்ரீயா எறங்கும்மா. நிஞ்ஜா கேம். அப்போ டிவில கேசட்டு சொருவி ஆடுவாங்களே, அந்த மாதிரி. டைம் கெடச்சா ஆடிப் பாத்து எப்படி இருக்குன்னு சொல்லு."

"சரிண்ணா" என்று கௌசர் சீட்டைக் கைப்பைக்குள் போட்டாள். போட்டதோடு மறந்தும் போனாள்.

கேமின் பெயர் 'ஒன்பதாம் கூரை'. கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்பு நிஞ்ஜா, ஒரு ஊரின் ஓட்டுக்கூரைகளை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போக வேண்டும். அவ்வளவுதான் கதை. இணையத்தில் கேம் விற்கும் கடையில் அதைப் பதினோரு பேர் வாங்கினார்கள். பதினோரு பேரும் எபனேசரின் சர்ச் ஆட்கள். எபனேசர் கொஞ்ச நாள் டீ டைமில், "பாத்தியாம்மா?" என்று கேட்டார். "இன்னும் இல்லண்ணா, வீட்ல வேல" என்று ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். அப்புறம் அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

"கம்ப்யூட்டரே இல்லாத வீட்டுக்காரன்கூட வாங்கிருக்கான்பா. காணிக்க போட்ட மாதிரி" என்றான் ஜெஃப்ரி. ரூமே சிரித்தது.

ஜெஃப்ரி அந்த ரூமுக்கு உயிர். மேனேஜர் மாதிரி நடந்து காட்டுவான், இத்தாலிக்காரன் மாதிரி பேசிக் காட்டுவான். கௌசர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் தமிழில் உருது கலப்பதை வைத்து ஆறு மாசம் அவளை ஓட்டியிருக்கிறான். ஒருநாள் அவளே சேர்ந்து சிரித்துவிட்டாள். அன்றோடு அவன் அவளை விட்டுவிட்டு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டான். சிரிக்கிற பக்கம் உட்கார்ந்துகொண்டால் நம் மேல் விழாது என்பதை அவள் அன்றைக்குக் கற்றுக்கொண்டாள்.

மார்ச் மாசம் கேன்டீனில் ஜெஃப்ரி அவள் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"கௌசர், உன் இங்கிலீஷ் சூப்பரா இருக்கும். எபிக்கு ஒரு மெயில் எழுதணும்."

"எபி அண்ணாவுக்கா? இன்னா மெயில்?"

"ஜப்பான்லேருந்து. மொரிதான்னு ஒருத்தரு. பழைய மாடல் கேம பத்தியே எழுதுற பெரிய ஆளு. எபி வெளிநாட்டுக்கெல்லாம் ஃப்ரீ நம்பர் அனுப்பிருக்கான்ல, அதுல ஒன்ன போட்டு ஆடிப் பாத்து அசந்துட்டாரு." சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒரே ஒரு மெயிலு. ஒரு வாரம் சிரிச்சிட்டு உட்டுடலாம். யாருக்கு இன்னா நஷ்டம்?"

கௌசரும் சிரித்தாள். மொரிதா பெயரில் ஒரு மெயில் முகவரியைத் தொடங்கி, பாஸ்வேர்டை இருவரும் வைத்துக்கொண்டார்கள்.

எழுத உட்கார்ந்தபோதுதான் கேமைப் பற்றித் தனக்கு ஒரு வரியும் தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது. கைப்பையின் அடியில் கசங்கிக் கிடந்த சீட்டைத் தேடி எடுத்து, ஞாயிற்றுக்கிழமை பகலில் மாடியறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரம் பார்த்தால் போதும் என்று நினைத்தாள். மூன்று மணிக்கு அம்மா வந்து, சாப்பாடு ஆறிப்போய் எவ்வளவு நேரம் ஆகிறது என்று கத்துகிறவரை எழுந்திருக்கவில்லை.

அந்தக் குட்டி நிஞ்ஜாவுக்கு முகம் கிடையாது. கால் மட்டும் அப்படித் தெளிவாக இருந்தது. பெருவிரல் தனியாகப் பிரிந்த துணிச்செருப்பு. பட்டனை லேசாகத் தட்டினால் விரல் நுனியில் நடப்பான், ஓடு சத்தம் போடாது. அழுத்தினால் குதிகால் இறங்கும், ஓடு நொறுங்கும், வீட்டுக்குள் விளக்கு எரியும், ஆள் வந்துவிடுவான். மற்ற கேம்களில் அவள் தம்பி சுடுவதையும் வெட்டுவதையும் பார்த்திருக்கிறாள். இங்கே எல்லாமே பாதத்தை எப்படி வைக்கிறோம் என்பதில் இருந்தது. பாதத்தின் எந்த இடத்தில் பாரம் விழும் என்று பதினைந்து வருஷம் பார்த்த ஒருவரால்தான் இதைச் செய்ய முடியும் என்று அவளுக்குப் பட்டது. மெயிலில் அதையே எழுதினாள். ஷூ கம்பெனி என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் எபனேசர் அந்த மெயிலை அச்சடித்துக் கொண்டுவந்தார். ரூமின் நடுவில் நின்று, சர்ச்சில் வேத பாடம் வாசிப்பதுபோல ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாக நிறுத்தி வாசித்தார். முடித்ததும் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஜெஃப்ரி எழுந்து போய்க் கட்டிப்பிடித்து, "சொன்னேன்ல எபி, உன்ன வெளிநாட்டுக்காரன்தான் புரிஞ்சிக்குவான்" என்றான். கௌசர் தலையைக் குனிந்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

ஒரு வாரத்தோடு முடிய வேண்டியது முடியவில்லை. எபனேசர் பதில் எழுதினார். அதற்குப் பதில் எழுத அடுத்த கூரைக்குப் போக வேண்டியிருந்தது. ஜூன் வருவதற்குள் பதினாலு மெயில் போய்விட்டது. தொடக்கத்தில் ஜெஃப்ரி கூடவே உட்கார்ந்து நாலு வார்த்தை சேர்ப்பான். அப்புறம் அவனுக்கு அலுத்துவிட்டது. கௌசர் மட்டும் எழுதினாள். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததை, அந்தக் கேமில் அவளுக்குப் பிடித்ததையெல்லாம், மொரிதாவாக இருந்துகொண்டு எழுதினாள். தான் செய்வது இன்னது என்ற நினைப்பு நடுவில் பல நாள் அவளுக்கு இருந்ததேயில்லை.

ஆறாவது கூரையில் அவள் பத்து நாள் மாட்டிக்கொண்டாள். மூன்று பக்கமும் காவல். ஒருநாள் அம்மா கூப்பிட்டாளென்று ஆட்டத்தை அப்படியே போட்டுவிட்டுக் கீழே போய் வந்து பார்த்தால், திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. புகைக்கூண்டுக்கு இடப்பக்கம், விரிசல் விட்ட ஓட்டின் மேல் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றால் மழை வரும். மழைச் சத்தத்தில் காலடி கேட்காது. நிஞ்ஜா நிமிர்ந்து ஓடலாம். அந்தக் கேமில் அவன் பயமில்லாமல் ஓடுவது அந்த ஒரு கூரையில் மட்டும்தான்.

அவள் அதை எழுதியதற்கு எபனேசரின் பதில் நீளமாக வந்தது. 'அந்த மழையைப் பற்றி என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. யார் அதைக் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களுக்காகத்தான் இதைச் செய்தேன் என்று எனக்குள் வைத்திருந்தேன். அது நீங்கள்' என்று இருந்தது. கீழே இன்னும் நாலு வரி. 'என் ரூமில் யாரும் ஆடவில்லை. வருத்தமில்லை. கௌசர் என்று ஒரு பெண் இருக்கிறாள். மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது அவள் மட்டும் தலையைக் குனிந்துகொள்வாள். நல்ல பெண். அவளாவது ஒருநாள் ஆடிப் பார்ப்பாள்.'

கௌசர் லேப்டாப்பை மூடிவிட்டாள். மறுநாள் ஜெஃப்ரி வந்து, "பாத்தியா, உன்ன பத்தி எழுதிருக்கான்! நல்ல பொண்ணாம்!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள். அதற்குப் பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டாள். மொரிதா வேலையாக இருக்கிறார் என்று எபனேசர் நினைத்துக்கொள்வார், கொஞ்ச நாளில் ஆறிவிடும் என்று கணக்குப் போட்டாள். எழுதவில்லையே தவிர, ஆடுவதை விடவில்லை.

ஜூலையில் ரூமின் ஹெட் சென்னை ஆபீசுக்கு மாற்றலானார். அந்த இடம் எபனேசருக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த வரிசையில் இருந்தது ஜெஃப்ரி.

ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு திங்கட்கிழமை, எபனேசர் மேசை மேசையாக வந்து ஆளுக்கொரு பால்கோவா வைத்தார். "ரிசைன் பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமையோட சரி. மொரிதா சாரு ஒசாகால ஒரு கம்பெனில பேசிட்டாரு. ரெண்டாவது பார்ட்ட முழு நேரமா உக்காந்து செய்யணும்னு சொல்றாங்க. காயிதம் போஸ்ட்ல வருதாம்."

கௌசர் பால்கோவாவை அப்படியே மேசையில் விட்டாள். பாத்ரூமுக்குப் போய்ப் போனில் மொரிதாவின் மெயிலைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. பாஸ்வேர்ட் மாறியிருந்தது.

மதியம் ஜெஃப்ரியைக் கேன்டீன் பின்னால் பிடித்தாள். "இன்னா வேல பண்ணி வெச்சிருக்கீங்க? வேலைய உட்டுட்டாரு!"

"நானா உட சொன்னேன்? ஒசாகால பேசிருக்கேன்னு எழுதினேன். லெட்டர் கைக்கு வர்றதுக்குள்ள எவனாவது ரிசைன் பண்ணுவானா? அவன் அவசரம்."

"இப்பவே போயி சொல்லிடுங்க. கேன்சல் பண்ண சொல்லுங்க."

"நீ சொல்லேன்." ஜெஃப்ரி பல் குத்திக்கொண்டே அவளைப் பார்த்தான். "பதினாலு மெயிலும் யார் எழுதினதுன்னும் சேத்து சொல்லு. அப்படியே அந்த மழைய பத்தி எழுதினத வாசிச்சி காட்டு. ஹெச்.ஆர். கேட்டா நானும் சொல்வேன். நான் ஹெட் சீட்டுக்கு போயிட்டா என் எடம் காலி, அதுக்கு உன் பேரதான் எழுதிக் குடுத்திருக்கேன். யோசிச்சிக்க."

திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. புதன்கிழமை அவள் எபனேசரின் மேசை வரைக்கும் போனாள். "இன்னாம்மா?" என்று அவர் நிமிர்ந்தார். "ஒன்னுமில்லண்ணா, ஸ்டேப்ளர்" என்று வாங்கிக்கொண்டு திரும்பினாள். வியாழனும் போயிற்று.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வழியனுப்பு விழா. சமோசா, கேக், டீ. தையல் பிரிவிலிருந்தும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். எபனேசர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். ஆளாளுக்கு இரண்டு வார்த்தை பேசி முடித்ததும் ஜெஃப்ரி எழுந்தான்.

"எபி, உனக்காக ஜப்பான்லேருந்து ஒரு மெயில் வந்திருக்கு. ரூம் அட்ரஸ்க்கே போட்டிருக்காரு மனுஷன். எல்லாரும் பாக்கட்டும்னு பெரிய ஸ்க்ரீன்ல போடுறேன்."

எபனேசர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு திரைக்கு எதிரே வந்து நின்றார். மெயில் தமிழில் இருந்தது.

'இன்னா எபி, சௌக்கியமா? ஒசாகாவுக்கு மாதனூர் ரூட்ல கம்பெனி பஸ் உட்டிருக்கோம். திங்கக்கெழம ஏழரைக்கு ஸ்டாப்ல நில்லு. டிபன் பாக்ஸ் எடுத்துக்கினு வா. இப்படிக்கு மொரிதா, பேட்டர்ன் ரூம், ரெண்டாவது மாடி.'

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். விஷயம் தெரியாத தையல் பிரிவுக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எபனேசரும் சிரித்தார். போகிற ஆளைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்தார் போலிருக்கிறது. இரண்டாவது தடவை உதடு அசைய வாசித்தார். கடைசி வரிக்கு வந்தபோது சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, எடுக்க மறந்ததுபோல.

"அப்போ... அந்த மெயிலெல்லாம்?"

"நாங்கதான் எபி. தமாசுக்கு. மனசுல வெச்சிக்காத. நீ இவ்ளோ சீரியசா எடுத்துக்குவேன்னு யாருக்கு தெரியும்?"

யாரோ கேக் தட்டை நகர்த்தினார்கள். எபனேசர் திட்டவில்லை, அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"மழைய கண்டுபுடிச்சது யாரு?"

"நான்தான்" என்றான் ஜெஃப்ரி.

"எங்க நின்ன?"

"இன்னா?"

"ஆறாவது கூரைல எங்க நின்னா மழை வரும்?"

ஜெஃப்ரி தோளைக் குலுக்கினான். "எங்கியோ ஒரு எடத்துல. யாருக்கு ஞாபகம்?"

எபனேசர் அவனை விட்டுவிட்டு ரூமைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவமானப்பட்ட மனுஷரின் பார்வை இல்லை அது. இந்த ரூமுக்குள் ஒரு ஆள் அந்த ஓட்டின் மேல் ஒரு நிமிஷம் நின்றிருக்கிறது. அந்த ஆளைத்தான் தேடினார். கண்ணில் கெஞ்சல் இருந்தது. நீ என்னை ஏமாற்றியிருந்தாலும் பரவாயில்லை, வந்துவிடு என்கிற மாதிரி. கௌசரின் முகத்திலும் அந்தப் பார்வை வந்து நின்றது. வாயைத் திறந்தால் போதும். புகைக்கூண்டுக்கு இடப்பக்கம். இரண்டே சொல். அவள் தன் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏடு படிந்துவிட்டது.

"சரி" என்றார் எபனேசர். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சமோசா மீந்துவிட்டதென்று தையல் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

சனிக்கிழமை அவர் ராஜினாமாவைத் திரும்பக் கேட்டு வந்தாராம். கையெழுத்தாகிவிட்டது, ஜெஃப்ரிக்கு ஆர்டரும் அடித்தாயிற்று என்று ஹெச்.ஆரில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். இன்னொரு காகிதமும் தயாராக இருந்தது. ஜெஃப்ரியின் இடத்துக்குக் கௌசர்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஆம்பூர் பெத்லகேம் பகுதியிலிருந்த எபனேசர் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி லில்லி கதவைத் திறந்தாள். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தாள், பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை.

"கௌசரா? அவரு உன்ன பத்தி சொல்லிருக்காரும்மா. உள்ள வா. இந்த ரெண்டு நாளா ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல." லில்லியின் கண் கலங்கியது. "உக்காரு, அடுப்புல இருக்குது. தோ வர்றேன்."

எபனேசர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யவில்லை. கௌசர் எதிரில் உட்காராமல் நின்றபடியே, சமையலறைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"பொகக்கூண்டுக்கு எடப்பக்கம்ண்ணா. விரிசல் உட்ட ஓட்டு மேல."

அவர் நிமிர்ந்தார். "எல்லாம் நீதானா?"

"மெயில் எல்லாம் நான்தான். வேல பத்தி எழுதினது ஜெஃப்ரி. அது எனக்குத் தெரியாதுண்ணா, அல்லா மேல சத்தியமா. ஆனா திங்கக்கெழமையே தெரிஞ்சிடுச்சி. சொல்லல." லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்தாள். "எழுதினது எதுவும் பொய்யில்ல. கேம் அவ்ளோ நல்லா இருக்குதுண்ணா. பாருங்க, நான் எட்டாவது கூரைல இருக்கேன். பொய்யின்னா எட்டு வரைக்கும் வந்திருப்பேனா?"

லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். எட்டாவது கூரையின் நடுவில், முனை ஓட்டைப் பிடித்துக்கொண்டு அவளுடைய நிஞ்ஜா தொங்கிக்கொண்டிருந்தான். மூன்று வாரமாக அவள் அந்த இடத்தைத் தாண்ட முடியாமல் கிடந்தாள்.

எபனேசர் லேப்டாப்பை மடியில் எடுத்துக்கொண்டார். அவர் ஆடி அவள் பார்த்ததில்லை. விரல் பட்டதும் தெரியவில்லை, எடுத்ததும் தெரியவில்லை. நிஞ்ஜா முனையிலிருந்து எழும்பி, விளக்கோடு நின்ற நாலு காவல்காரர்களின் முதுகுக்குப் பின்னால் பூனை மாதிரி நடந்து, ஒரு ஓடுகூட முனகாமல் அந்தக் கூரையைக் கடந்தான். ஒன்பதாவது கூரைக்கு ஏறும் மரப்படி திரையின் ஓரத்தில் தெரிந்தது. கௌசர் தன்னை மறந்து அவர் பக்கத்தில் மண்டியிட்டுவிட்டாள். "மேல இன்னா இருக்குதுண்ணா?"

எபனேசர் படியின் அடியில் நிஞ்ஜாவை நிறுத்தினார்.

"வாங்கின பதினோரு பேர்ல ஒருத்தரும் எறக்கவே இல்ல. கடையில அது தெரியும். நேத்து கடையிலேருந்து எடுத்துட்டேன். என் கம்ப்யூட்டர்லயும் அழிச்சிட்டேன். மழையில நின்ன ஆளும் வரலன்னுதான் அழிச்சேன்." குரல் உயரவில்லை. "உன்கிட்ட இருக்கறதுதான் கடைசி."

அவர் என்ன செய்யப்போகிறார் என்று புரிவதற்குள் ஆட்டத்தை மூடிவிட்டார். ஃபோல்டரைத் திறந்தார், அழித்தார், குப்பைத்தொட்டியையும் திறந்து அங்கேயும் அழித்தார். "அண்ணா, வேணாம்ண்ணா!" என்று கௌசர் கையை நீட்டினாள். அவருடைய கையைத் தொட முடியாமல் பாதியில் நிறுத்தினாள். ஐந்து வருஷம் செய்தது அழிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என்னுடையதைப் பிடுங்கிவிட்டாரே என்று அவளுக்குள் சுரீரென்று கோபம் வந்தது. யாருடையது என்ற கேள்வி அதற்கப்புறம்தான் வந்தது.

லில்லி மூன்று தட்டோடு வந்தாள். "சாப்ட்டுதான் போணும். உங்க ஆளுங்க கடையிலதான் கோழி வாங்கினேன், பயப்படாம சாப்டு. ஏம்மா முகம் இப்படி இருக்குது?"

"அக்கா, நான் உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்" என்று கௌசர் ஆரம்பித்தாள்.

"ஒன்னுமில்ல லில்லி" என்றார் எபனேசர். லேப்டாப்பை மூடி அவள் பக்கம் தள்ளினார். "சும்மா பாத்துட்டு போலாம்னு வந்துச்சி. நல்ல பொண்ணு. உக்காரும்மா."

லில்லி அவள் தலையைத் தடவினாள். "அந்தப் பாவிங்க நடுவுல நீ ஒருத்தியாவது இருக்கியே. இவரு ரெண்டு நாளா பச்சத் தண்ணிகூட குடிக்கல. உன்ன பாத்த பெறவுதான் எழுந்து தட்டுல கை வெக்கிறாரு. நீ நல்லா இருப்ப, தாயி."

கௌசர் எபனேசரைப் பார்த்தாள். சொல்ல விடுங்கள் என்று கண்ணாலேயே கேட்டாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, சாந்தமாக, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாத்திரத்திலிருந்து நல்லதாக ஒரு துண்டு கறியைப் பார்த்து எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

"சாப்டு" என்றார்.

அவள் சாப்பிட்டாள். லில்லி இரண்டாவது தடவையும் சோறு போட்டாள். அதையும் சாப்பிட்டாள்.